பனி நாட்டுப் பந்தயம், வெயில் தீவுப் பெண்கள்

2024 மார்ச் 2, சனிக்கிழமை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில், 2014 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகக் கட்டிய மூடிய அரங்கம் ஒன்றில், பெண்கள் வரிசையாக ஸ்டார்டிங் பிளாக்கில் குனிந்து நிற்கிறார்கள். உலக உள்ளரங்கத் தடகளப் போட்டியின் 60 மீட்டர் இறுதி ஓட்டம். துப்பாக்கி வெடித்தது. நன்றாக ஒரு மூச்சை இழுத்து விடுவதற்குள் ஓட்டம் முடிந்துவிட்டது. 6.98 விநாடி. போலந்தின் ஈவா ஸ்வொபோடா 7.00 விநாடியில் இரண்டாவது. ஜெயித்தவர் 22 வயது ஜூலியன் ஆல்ஃபிரட். நாடு, செயின்ட் லூசியா.

அந்த நாட்டின் பெயர் நமக்குக் கிரிக்கெட் வழியாகப் பழக்கம். மேற்கிந்தியத் தீவுகளுக்கு இரண்டு டி20 உலகக் கோப்பைகளை வாங்கித் தந்த கேப்டன் டேரன் சமி அந்தத் தீவில் பிறந்தவர். புத்தகம் படிக்கிறவர்களுக்கு டெரெக் வால்காட்டின் ஊர் என்று தெரிந்திருக்கும். நம் காஞ்சிபுரம் நகரத்து அளவுக்குத்தான் மொத்த ஜனத்தொகை, சுமார் ஒரு லட்சத்து எண்பதாயிரம். இவ்வளவு சின்ன நாட்டிலிருந்து பொருளாதாரத்தில் ஒருவர், இலக்கியத்தில் ஒருவர் என்று இரண்டு பேர் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார்கள். உலகத் தடகளத்தில் மட்டும் அந்த நாட்டுக்கு அதுவரை ஒரு தங்கம்கூட இல்லை. அந்தக் குறையை ஏழு விநாடிக்குள் தீர்த்துவைத்தார் ஆல்ஃபிரட்.

கிளாஸ்கோவின் மூன்று நாட்களில் நடந்தது இது மட்டுமல்ல. செயின்ட் லூசியாவிலிருந்து வடக்கே போனால் மார்டினிக், அதையும் கடந்தால் டொமினிக்கா. (டொமினிக்கன் குடியரசு வேறு நாடு. பெயர்க் குழப்பத்தில் இந்தத் தீவுக்கு வர வேண்டிய கடிதங்களே திசை மாறிப் போவதுண்டாம்.) 2023 ஜூலையில் நம் அஸ்வின் 12 விக்கெட் எடுத்த டெஸ்ட் ஆட்டம் நினைவிருக்கிறதா? அது நடந்த விண்ட்சர் பார்க் மைதானம் டொமினிக்காவின் தலைநகரமான ரோசோவில் இருக்கிறது. நாட்டின் ஜனத்தொகை சுமார் எழுபதாயிரம், மன்னார்குடி நகரத்தைவிடச் சற்றே அதிகம். அந்த நாட்டுக்காகத் தியா லாஃபோன்ட் என்ற 29 வயதுப் பெண் கிளாஸ்கோவில் 15.01 மீட்டர் தாண்டி, மும்முறைத் தாண்டுதலில் தங்கம் வென்றார்.

மூன்றாவது தீவு பஹாமாஸ். 60 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் அந்நாட்டின் டெவின் சார்ல்டன் 7.65 விநாடியில் ஓடி உலக சாதனையோடு தங்கம் எடுத்தார். மூன்று வாரம் முன்பு நியூயார்க்கில் 7.67 விநாடியில் உலக சாதனை படைத்திருந்தவரும் அவரேதான். அதற்கு முந்தைய சாதனை ஸ்வீடன்காரர் ஒருவர் பெயரில் 16 ஆண்டுகள் அசையாமல் இருந்தது.

மூவருமே வெயில் தீவுகளில் பிறந்தவர்கள். உள்ளரங்கத் தடகளமோ பனியால் பிறந்த விளையாட்டு.

கொட்டகைக்குள் ஒரு மைதானம்

வட நாடுகளில் நவம்பர் தொடங்கினால் மைதானம் உறைந்துபோகும். ஓடுகிறவன் நான்கு மாதம் சும்மா இருக்க முடியுமா? கூரையைத் தேடிப் போனார்கள். 1868 நவம்பரில் நியூயார்க்கில் ஒரு ஸ்கேட்டிங் கொட்டகைக்குள் பந்தயம் வைத்தார்கள். பிறகு மேடிசன் ஸ்குயர் கார்டன் போன்ற அரங்குகளில் மரப்பலகைகளை அடுக்கித் தடம் போட்டு ஓடினார்கள். பலகையில் கால்கள் இடிக்கும் ஓசையும், ஓடுகிறவர்களின் மூச்சை எட்டித் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் கூட்டமும் சேர்ந்து இந்த விளையாட்டுக்குத் தனி வெறியைக் கொடுத்தன. 1985இல் பாரிஸில் உலக அளவில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். 1987இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் முதல் உலக உள்ளரங்கச் சாம்பியன்ஷிப் நடந்தது.

வெளி மைதானத்தில் ஒரு சுற்று 400 மீட்டர். இங்கே அதில் பாதி, 200 மீட்டர். பாதியாகச் சுருக்கினால் வளைவு கொக்கி போல ஆகிவிடுகிறது. சமதளத்தில் அந்த வளைவில் முழு வேகம் எடுத்தால் ஆளை வெளியே தூக்கி எறியும். அதனால் வளைவில் தளத்தை உட்பக்கமாகச் சாய்த்துக் கட்டுகிறார்கள். 15 டிகிரி வரை சாய்க்க விதி இடம் தருகிறது. பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுவரில் மோட்டார் சைக்கிள் ஏறும் கணக்கின் மென்மையான வடிவம்தான் இது.

இந்தச் சாய்வால் ஒரு சிக்கல் உண்டு. உள் லேனில் ஓடுகிறவருக்கு வளைவு மிக இறுக்கமாக இருக்கும். வெளி லேன்காரருக்கோ மேட்டிலிருந்து சரிவில் இறங்கும் வேகம் கிடைக்கும். 200 மீட்டர் ஓட்டத்தில் இந்தச் சாதகம் அதிகமாகி, லேன் குலுக்கலிலேயே பாதி முடிவு தெரிந்துவிடும் நிலை வந்தது. 2004க்குப் பிறகு உலக உள்ளரங்கப் போட்டியிலிருந்து 200 மீட்டரை எடுத்தேவிட்டார்கள். நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன். குலுக்கலில் தோற்பது எந்த ஓட்டக்காரருக்கும் நியாயமில்லை.

400 மீட்டரை வைத்துக்கொண்டார்கள். முதல் சுற்று முடிந்ததும் லேன் கட்டுப்பாடு போய் எல்லோரும் உள் தடத்துக்குப் பாயலாம். அங்கே முந்தியவர் பாதி ஜெயித்த மாதிரி. முழங்கை உரசும், தோள் இடிக்கும், சில நேரம் கால் சிக்கி விழுவார்கள். நெதர்லாந்தின் ஃபெம்கே போல் கிளாஸ்கோவில் அந்த நெரிசலுக்கு இடமே தரவில்லை. இரண்டு சுற்றையும் 49.17 விநாடியில் முடித்துத் தன் உலக சாதனையைத் தானே திருத்தினார். செக்கோஸ்லோவாக்கியாவின் க்ராடோக்விலோவா 1982இல் எழுதி வைத்த 49.59, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் கிட்டே போக முடியாமல் நின்றது. 2023இல் அதை முதலில் உடைத்தவர் போல். ஓராண்டுக்குச் சற்றே அதிகமான காலத்தில் அந்தச் சாதனையை மூன்று முறை புதுப்பித்துவிட்டார்.

60 மீட்டருக்கு மட்டும் வளைவு கிடையாது. அரங்கின் நடுவே நேர்க்கோடாகத் தடம் போட்டிருப்பார்கள். பிரச்சினை எல்லைக்கோட்டுக்கு அப்பால். மனித வேகத்தின் உச்சிக்குப் போன உடம்பு நிற்பதற்கு அங்கே சில மீட்டர்தான் இடம். அதனால் சுவரில் தடிமனான மெத்தை சாத்தி வைத்திருப்பார்கள். வென்றவரும் தோற்றவரும் ஒரே மெத்தையில் போய் மோதிச் சரிவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு இளகிவிடும்.

100 மீட்டரில் சறுக்கினால் பின்பாதியில் மீட்டுக்கொள்ளலாம். 60இல் அதற்கு நேரம் இல்லை. முதல் பத்துப் பதினைந்து அடிகளில் தடுமாறினால் கதை முடிந்தது. கூரைக்குள் காற்று வீசாது. பின்காற்று உதவியது, எதிர்காற்று தடுத்தது என்று யாரும் சொல்ல முடியாது. மழை, வெயில், புழுக்கம் எதையும் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. காலும் மனசும் மட்டும்தான் கணக்கு.

வெறுங்காலில் தொடங்கியவர்

ஜூலியன் ஆல்ஃபிரட் செயின்ட் லூசியாவின் தலைநகரமான காஸ்ட்ரீஸில் 2001இல் பிறந்தவர். சிறு வயதில் பள்ளிச் சீருடையோடு, காலில் செருப்புக்கூட இல்லாமல் ஓடியதை அவரே சொல்லியிருக்கிறார். 12 வயதில் தந்தை இறந்துபோனார். ஓட்டத்தை விட்டுவிட்டார் அந்தச் சிறுமி. பயிற்சியாளர் ஒருவர் விடாமல் பேசித் திரும்ப அழைத்து வந்தார். 14 வயதில் வீட்டை விட்டு ஜமைக்காவுக்குப் போய் அங்கே பள்ளியில் சேர்ந்தார். உலகத்தின் வேகமான பெண்கள் உருவாகும் மண் அது. அங்கிருந்து அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகம். கனடாவின் முன்னாள் மும்முறைத் தாண்டுதல் வீரர் எட்ரிக் ஃப்ளோரியால் அங்கே அவரைச் செதுக்கினார்.

பதினான்கு வயதில் ஒரு பெண் பிள்ளை கடல் தாண்டிப் போகிறாள் என்றால் அந்தத் தாய் எவ்வளவு யோசித்திருப்பார்! ஊரிலேயே வசதி இருந்திருந்தால் அந்த யோசனைக்குத் தேவை வந்திருக்காது. செயின்ட் லூசியாவின் தென்முனையில் வியூ ஃபோர் என்ற நகரத்தில் ஜார்ஜ் ஓட்லம் பெயரில் ஒரு தேசிய மைதானம் இருக்கிறது. 2009 செப்டம்பரில் பக்கத்திலிருந்த செயின்ட் ஜூட் மருத்துவமனை தீப்பிடித்து எரிந்தது. நோயாளிகளை எங்கே கொண்டுபோவது? அந்த மைதானத்துக்குத்தான் மாற்றினார்கள். தற்காலிகம் என்று தொடங்கிய ஏற்பாடு பத்தாண்டுகளைத் தாண்டியும் நீடித்தது. தீ விபத்து நடந்தபோது ஆல்ஃபிரட்டுக்கு எட்டு வயது. அவர் ஓடிப் பழகி வளர்ந்த காலம் முழுக்க, நாட்டின் பெரிய மைதானத்தில் நோயாளிகளின் கட்டில்கள் கிடந்தன. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோயாளிக்குப் படுக்கையா, பிள்ளைக்கு ஓடுதளமா என்று கேட்டால் எந்த ஏழை நாடும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

2018இல் இளையோர் ஒலிம்பிக்கில் ஆல்ஃபிரட்டுக்கு 100 மீட்டர் வெள்ளி. 2022 உலகப் போட்டியில் அரையிறுதியில் துப்பாக்கிக்கு முன்பே கிளம்பிவிட்டார் என்று வெளியேற்றினார்கள். ஒரு வருட உழைப்பு, ஒரு அடிகூட ஓடாமல் போனது. 2023 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான உள்ளரங்கப் போட்டியில் 60 மீட்டரை 6.94 விநாடியில் ஓடினார். அதைவிட வேகமாக அந்தத் தூரத்தை ஓடியிருந்த பெண், ரஷ்யாவின் இரினா பிரிவலோவா ஒருவர்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 100 மீட்டரில் ஐந்தாவது, 200 மீட்டரில் நான்காவது. மேடை ஏற இன்னும் ஒரு கை தூரம். அடுத்த வாய்ப்பு கிளாஸ்கோ.

பள்ளியில் பாடம், மாலையில் தாண்டல்

அதே புடாபெஸ்டில் லாஃபோன்ட்டும் ஐந்தாவதாகத்தான் வந்தார். டொமினிக்காவில் பிறந்து, சிறு பிள்ளையாகவே குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். முதலில் கற்றது நடனம். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் படித்தார். சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தபடியே பயிற்சி செய்தார். பயிற்சியாளர் அவர் கணவர். வளர்ந்தது அமெரிக்காவில்தான் என்றாலும் தாண்டியது டொமினிக்காவுக்காக. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 37ஆவது இடம். டோக்கியோவில் இறுதிச்சுற்றுக்கு வந்து 12ஆவது. இடையில் 2018 காமன்வெல்த் விளையாட்டுகளில் வெண்கலம். அந்நாட்டுக்கு அந்தப் போட்டிகளில் அதுதான் முதல் பதக்கம். அதற்கு முந்தைய ஆண்டுதான் மரியா புயல் டொமினிக்காவை நொறுக்கிப் போட்டிருந்தது. ஐந்தாம் வகைப் புயல். கூரை தப்பிய வீடு அரிது.

டொமினிக்காவுக்காக உலகத் தடகளத்தில் பதக்கம் எடுத்த முன்னோடி ஒருவர் உண்டு. ஜெரோம் ரோமன், 1995இல் இதே மும்முறைத் தாண்டுதலில் வெண்கலம் எடுத்தார். பின்னாளில் பிரான்ஸ் நாட்டுக்காகத் தாண்டப் போய்விட்டார். சின்ன நாடுகளின் கதையில் இந்த வரி அடிக்கடி வரும்.

மும்முறைத் தாண்டுதல் கொடுமையான விளையாட்டு. முழு வேகத்தில் ஓடிவந்து பலகையில் ஒரு காலால் உந்தி, அதே காலில் இறங்கி, அடுத்த காலுக்கு மாறி, பிறகு மணலுக்குப் பாய வேண்டும். ஒவ்வொரு இறக்கத்திலும் உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் ஒற்றைக் கணுக்காலில் விழும். குதிகால், முழங்கால், இடுப்பு என்று எங்கே வலிக்கவில்லை என்று கேட்டால்தான் இந்த விளையாட்டுக்காரர்களால் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியும். வெனிசுவேலாவின் யூலிமார் ரோகாஸ் 2022இல் பெல்கிரேட் உள்ளரங்கில் 15.74 மீட்டர் தாண்டியிருந்தார். உலக சாதனை அது. அவர் கிளாஸ்கோவுக்கு வரவில்லை. ராணி இல்லாத சபை என்று சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் கியூபாவின் லேயானிஸ் பெரெஸ் 14.90 தாண்டி நின்ற இடத்தில் 15 மீட்டர் கோட்டைக் கடந்து காட்டினார் லாஃபோன்ட். வாழ்க்கையில் அதுவரை அவர் தாண்டியதிலேயே அதுதான் நீளம். முப்பதை எட்டவிருந்த ஒரு பெண் பல வருடம் காத்திருந்து அடைந்த உயரம்.

இந்த இடத்தில் இன்னொரு பெண்ணையும் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 3000 மீட்டரில் எத்தியோப்பியாவின் குடாஃப் செகாய் ஜெயிப்பார் என்றுதான் அரங்கமே எதிர்பார்த்தது. கடைசி வளைவுக்குப் பிறகு அவரைத் தாண்டி 8 நிமிடம் 20.87 விநாடியில் முடித்தவர் அமெரிக்காவின் எல் செயின்ட் பியர். வெர்மான்ட் மாநிலத்தில் மாடு வைத்துப் பால் பண்ணை நடத்தும் குடும்பத்துப் பெண். அவர் மகனுக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. மாடு கறக்கும் வீட்டின் விடியற்காலை எப்படி இருக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். கைக்குழந்தையும் கூடவே இருந்தால்?

நம் பிள்ளைகளும் கூரைக்குள் ஓடியிருக்கிறார்கள்

பனி பார்க்காத பிள்ளைகள் உள்ளரங்கில் சாதிப்பது நமக்கும் அந்நியமான கதையல்ல. 2023 பிப்ரவரியில் கஜகஸ்தான் தலைநகரமான அஸ்தானாவில் ஆசிய உள்ளரங்கத் தடகளப் போட்டி நடந்தது. மும்முறைத் தாண்டுதலில் நம் பிரவீன் சித்திரவேல் 16.98 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார். நீளம் தாண்டுதலில் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 7.97 மீட்டர், அதுவும் வெள்ளி. கோலூன்றித் தாண்டுதலில் பவித்ரா வெங்கடேஷுக்கு வெள்ளி, ரோஸி மீனா பால்ராஜுக்கு வெண்கலம். நால்வரும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். திறந்த வெயிலில், செம்மண் பறக்கும் மைதானங்களைத் தாண்டி வந்தவர்கள். சாய்வு வளைவு கொண்ட உள்ளரங்கத் தடம் இந்தியாவில் வெகுகாலம் எங்குமே இல்லை. பிறகுதான் புவனேஸ்வரின் கலிங்கா வளாகத்தில் ஒன்று வந்தது. தமிழ்நாட்டுக்கு ஒன்று வேண்டும். மே மாத வெயிலில் காலை எட்டு மணிக்கே பயிற்சியை நிறுத்த வேண்டிய ஊரில் கூரை ஆடம்பரம் அல்ல. குளிருக்குப் பயந்து அவர்கள் கட்டியதை வெயிலுக்குப் பயந்து நாம் கட்டலாம்.

இன்னொரு உறவும் இருக்கிறது. ஆல்ஃபிரட்டின் தீவுக்கும் லாஃபோன்ட்டின் தீவுக்கும் நடுவே மார்டினிக் என்று சொன்னேன் அல்லவா? 1853 முதல் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறிப் போன தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாக இறங்கிய தீவு அது. டொமினிக்காவுக்கு வடக்கே இருக்கும் குவாடலூப்பிலும் நம் சனங்கள் இறங்கினார்கள். மாரியம்மன் வழிபாடு அங்கே இன்னும் வாழ்கிறது. இரண்டு வீராங்கனைகளின் ஊர்களுக்கும் இடையில் நம் மூதாதையரின் வியர்வை விழுந்த மண் இருக்கிறது என்று, அந்த வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

மழை பெய்த இரவு

கிளாஸ்கோ முடிந்தபோது பதக்கப் பட்டியலில் அமெரிக்காதான் முதலிடம், மொத்தம் 20 பதக்கங்கள். உலகத் தடகளத்தைப் பெரிதாகப் பின்தொடராத பத்திரிகைகள் அந்த எண்ணோடு நிறுத்திக்கொண்டன. உள்ளரங்கத் தங்கத்தை அரைத் தங்கம் என்று நினைக்கும் பழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. பெரிய நட்சத்திரங்கள் பலர் கோடைக்காகக் காலைப் பத்திரப்படுத்திக்கொண்டு குளிர்காலப் போட்டிகளுக்கு வரமாட்டார்கள் என்பது உண்மைதான். நான் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. வந்தவர்களோடுதான் பந்தயம், வராதவர்களோடு யாரும் ஓட முடியாது. மார்ச்சில் கிடைத்த தைரியம் ஆகஸ்டில் என்ன செய்தது என்று பாருங்கள்.

2024 ஆகஸ்ட் 3, பாரிஸ் ஒலிம்பிக். ஊதா நிறத் தடம், மழை, நிரம்பி வழியும் மைதானம். இம்முறை கூரை இல்லை. மும்முறைத் தாண்டுதலில் லாஃபோன்ட் தன் இரண்டாவது முயற்சியில் 15.02 மீட்டர் தாண்டினார். கிளாஸ்கோவைவிட ஒரே ஒரு சென்டிமீட்டர் அதிகம். ஜமைக்காவின் ஷனீக்கா ரிக்கெட்ஸ் 14.87 மீட்டரோடு நின்றார். தங்கம்.

அதே இரவு, அதே மைதானத்தில் பெண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டம். அன்று காலையில் உசேன் போல்ட்டின் பழைய ஓட்டங்களைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்ததாக ஆல்ஃபிரட் பிறகு சொன்னார். உலகச் சாம்பியன் ஷக்காரி ரிச்சர்ட்சன் பக்கத்து லேனில். முதல் அடியிலிருந்தே ஆல்ஃபிரட் முன்னால் போய்விட்டார். கிளாஸ்கோவில் 60 மீட்டருக்கு இழுத்த அதே கோடு, இங்கே இன்னும் 40 மீட்டர் நீண்டது. நனைந்த தடத்தில் 10.72 விநாடி. ரிச்சர்ட்சன் 10.87. இரண்டு, மூன்று, நான்கு என்று ஒருவருக்கொருவர் நெருங்கி ஓடிக்கொண்டிருக்க, ஆல்ஃபிரட் மட்டும் தனியாக, வெகு முன்னால். மார்பிலிருந்த பெயர்ச்சீட்டைப் பிய்த்துக் கையில் உயர்த்திப் பிடித்துக் கத்திக்கொண்டே ஓடினார்.

செயின்ட் லூசியாவின் வரலாற்றில் அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். டொமினிக்காவின் வரலாற்றிலும் லாஃபோன்ட் எடுத்ததுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். நடுவில் ஒரே ஒரு தீவு இருக்கும் இரண்டு அண்டை நாடுகள், ஒரே ராத்திரியில், ஒரே மைதானத்தில். இரண்டு பேருமே பெண்கள், இரண்டுமே தங்கம். தங்கள் ஊரில் சரியான வசதி இல்லை என்பதை அந்த வெற்றிக்குப் பிறகு ஆல்ஃபிரட் சொன்னார். வெறுங்காலில் ஓடியதையும் அன்று சொன்னார்.

அந்த இரண்டு நாடுகளின் தேசிய கீதங்களும் ஒலிம்பிக் மைதானத்தில் ஒலித்தது அதுதான் முதல் தடவை. உலகமே திரும்பிப் பார்த்தது. கிளாஸ்கோ மட்டும் ஐந்து மாதம் முன்பே, மூன்று நாட்களுக்குள், இரண்டு பாட்டையும் எழுந்து நின்று கேட்டிருந்தது.